சிறு பணம், தனி ஆள், பெருங்கடல்

வைகாசி பிறந்ததும் நம் நாட்டின் இரு கரைகளும் தம் இயல்பை மாற்றிக்கொள்கின்றன. மேற்கே காலிமுகத்திடலில் அலைகள் மதிலில் மோதிச் சிதறும் வேளையில், கிழக்கே திருகோணமலையில் கடல் நீலப் பட்டு விரித்தாற்போல அமைந்து கிடக்கின்றது. அன்று தொடங்கிப் புரட்டாசி வரை உப்புவெளிக்கும் நிலாவெளிக்கும் வந்து சேரும் மக்கட் கூட்டத்திற்கு அளவில்லை. பிறநாட்டு உல்லாசப் பிரயாணிகள், விடுமுறைக்குத் தாய்நாடு வரும் புலம்பெயர்ந்த உறவினர், வான் அமர்த்திக்கொண்டு பாட்டன் முதல் பேரன் வரை புறப்பட்டு வரும் குடும்பத்தினர் ஆகிய எல்லோரையும் அக்கரையிலே காணலாம்.

இக்கூட்டத்தில் ஒருவரை மட்டும் நாம் அரிதாகவே காண்கின்றோம். தோளிலே ஒரு பையும் சட்டைப்பையிலே சிறு தொகையுமாக, துணையின்றித் தனியே வந்து கடலைப் பார்த்து நிற்கும் நம் ஊர் மாணவரே அவர். “சீசன் காலத்தில் அங்கே போவது பணக்காரருக்கே ஆகும், அதிலும் தனியே போனால் செலவு இரட்டிப்பாகும்” என்று சொல்லக் கேட்டுப் பலர் வீட்டோடே இருந்துவிடுகின்றனர். இச்சொல்லிலே பாதி உண்மை இருக்கின்றது. மற்றைப் பாதி பொய் என்பதைப் பல பருவங்களில் அக்கரைக்குச் சென்று தங்கி நாம் அறிந்துள்ளோம். அறிந்ததை வாசகர்களுக்கு, சிறப்பாக மாணவர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும், இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

காற்று வகுத்த பருவம்

முதலில் இப்பருவம் எப்படி உண்டாகின்றது என்பதை அறிந்துகொள்ளுதல் நன்று. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின்மேல் வீசுகின்றது. நீராவி சுமந்து வரும் அக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மோதி, தன் மழையையெல்லாம் அங்கேயே கொட்டிவிடுகின்றது. மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது அது வெறும் வறண்ட காற்றேயாகும். யாழ்ப்பாணத்தார் சோளகம் என்பதும் கிழக்கு மாகாணத்தார் கச்சான் என்பதும் இக்காலத்துக் காற்றையே. ஆதலால் மேற்கிலும் தெற்கிலும் கடல் கொந்தளிக்கும் அதே மாதங்களில் கிழக்குக் கரையோரம் அமைதியுற்றிருக்கின்றது. மார்கழி முதல் மாசி வரை வாடைக்காற்று வீசுங்கால் இந்நிலை முற்றாகத் தலைகீழாகும்.

உல்லாசப் பிரயாணிகளின் வழிகாட்டி நூல்கள் தோன்றுமுன்னரே இப்பருவத்தைக் கணித்து வைத்திருந்தவர்கள் நம் மீனவர்கள். நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேற்குக் கரை ஊர்களிலிருந்து மீனவர் குடும்பங்கள் இம்மாதங்களில் கிழக்குக் கரைக்கு வந்து, வாடி அமைத்துத் தங்கித் தொழில் செய்துவிட்டு, காற்று மாறியதும் ஊர் திரும்புதல் நெடுங்கால வழக்கமாகும். சிறு பணத்தோடு கடற்கரையிலே வாழ்ந்து காட்டிய முதற் பிரயாணிகள் அவர்களே எனலாம்.

பருவம் நீண்டதாயினும் நெருக்கடி எல்லா நாளும் ஒரே அளவினதன்று. ஐரோப்பியரும் புலம்பெயர்ந்த நம்மவரும் விடுமுறை கொள்ளும் ஆடி, ஆவணி மாதங்களிலேயே கூட்டம் உச்சத்தை அடைகின்றது. அம்மாதங்களிலும் போயா தினத்தோடு சனி ஞாயிறு சேர்ந்து வரும் நீண்ட விடுமுறைகளில் அறை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விலை எட்டாது. அதே வாரத்தில் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாட்களிலோ, நேற்று வரை நிரம்பி வழிந்த விடுதியில் அறைகள் காலியாகக் கிடக்கும். குடும்பமாக வருவோர்க்கு அலுவலகமும் பாடசாலையும் வகுத்த நாளிலேயே வர இயலும். விடுமுறையிலிருக்கும் தனி மாணவரோ நாளைத் தாமே தெரிந்தெடுக்கலாம். தனியாளின் கையிலுள்ள முதல் செல்வம் இதுவே.

தனி ஆளின் கணக்கு

தனியே செல்பவருக்குச் செலவு கூடுதல் என்பது எங்ஙனம் மெய்யாகின்றது? செலவுகளை இரு வகையாகப் பிரித்துப் பார்த்தால் விளங்கும். பஸ் கட்டணம், புகைவண்டிக் கட்டணம், உணவு, நுழைவுச்சீட்டு ஆகியன தலைக்கு இவ்வளவு என அறவிடப்படுவன. இவற்றில் தனி ஆளுக்கும் பத்துப் பேருக்கும் வேறுபாடு இல்லை. தங்கும் அறை, முச்சக்கர வண்டி, படகு ஆகியனவோ முழுப்பொருளுக்கு இவ்வளவு என அறவிடப்படுவன. இருவர் படுக்கும் அறைக்கு ஒருவர் முழுவாடகை கொடுக்கின்றார். எட்டுப் பேர் ஏறும் படகுக்கு ஒருவரே முழுக்கூலி கொடுக்கின்றார். தனி ஆளின் பணம் ஒழுகிப்போகும் ஓட்டைகள் இந்த மூன்றே.

ஆகவே வழி எளிது. தலைக்கு அறவிடப்படுவனவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துதல் வேண்டும். முழுப்பொருளுக்கு அறவிடப்படுவனவற்றைப் பிறரோடு பங்கிடுதல் வேண்டும். பங்கிட இயலாவிடத்துத் தவிர்த்தல் வேண்டும். இவ்வொரு விதியை மனத்திற்கொண்டால் பின்வருவன யாவும் தாமே தெளிவாகும்.

போகும் வழி

கொழும்பிலிருந்து செல்வோர்க்குப் புகைவண்டியே சிறந்தது. மாகோவில் வடக்குப் பாதையை விட்டுப் பிரிந்து, கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதையை விட்டு மறுபடியும் பிரிந்து, காட்டின் ஊடாகத் திருகோணமலையை அடைகின்றது அப்பாதை. இடையிலுள்ள காடு யானைகள் நடமாடும் காடாதலால் வண்டி சில இடங்களில் ஊர்ந்தே செல்லும். அதற்காகச் சலித்துக்கொள்ளுதல் ஆகாது. இரவு வண்டியில் செல்வோர்க்கு ஓர் இரவின் அறை வாடகை மிச்சமாகின்றது என்பதைக் கணக்கிற் சேர்த்துக்கொள்க. விடியலில் இறங்கும் நிலையமும் கடலுக்கு அண்மையிலேயே இருக்கின்றது. பருவகாலத்தில் ஆசனங்கள் விரைவில் நிரம்பிவிடுமாதலால் முன்கூட்டியே பதிவு செய்தல் அவசியம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டின் புகைவண்டிப் பாதைகள் பலவற்றைச் சிதைத்தது. ஆதலின் புறப்படுமுன் எந்த வண்டி எந்நேரம் ஓடுகின்றது என்பதை நிலையத்திலேயே கேட்டறிந்துகொள்ளுதல் நலம்.

பஸ்ஸில் செல்வோர்க்கும் வழிகள் பல உள. கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வருவோர் தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக வரலாம். யாழ்ப்பாணத்தார் வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக வரலாம். மட்டக்களப்பார் வெருகல், மூதூர், கிண்ணியா வழியாகக் கரையோரமாகவே வரலாம். இக்கரையோரப் பாதையிலே முன்னர் கிண்ணியாவில் பாதை எனப்படும் மிதவைப் படகிலேறிக் களப்பைக் கடக்க வேண்டியிருந்தது. 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்ட பின்னர் அத்தொல்லை நீங்கிற்று.

திருகோணமலை நகரிலிருந்து உப்புவெளி ஏறத்தாழ 5 கிலோமீற்றர், நிலாவெளி ஏறத்தாழ 15 கிலோமீற்றர். இத்தூரத்திற்கு முச்சக்கர வண்டி அமர்த்துவது தனி ஆளுக்குத் தகாத செலவு. குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் செல்லும் பஸ்கள் இவ்வூர்கள் வழியாகவே போகின்றன. பெரிய நிலையத்திலேயே ஏறி அமர்ந்துகொண்டு, இறங்குமிடத்தை நடத்துநரிடம் சொல்லி வைத்தாற் போதும். பக்கத்திலிருக்கும் அம்மா தாமாகவே, “தம்பி, அடுத்த தரிப்பிலே இறங்குங்கோ” என்று சொல்லித் தருவார். முச்சக்கர வண்டியில் இந்த உரையாடல் கிடையாது.

தங்கும் இடம்

கடலை நோக்கிய அறைக்கும், கடலுக்குப் பின்னே இரண்டு ஒழுங்கை தள்ளியுள்ள அறைக்கும் இடையே நடைத்தூரம் ஐந்து நிமிடம். வாடகை வேற்றுமையோ மிகப் பெரிது. கடல் பார்க்கும் சாளரத்திற்காகப் பணம் கொடுப்பவர் தூங்கும் நேரத்திற்கும் சேர்த்தே கொடுக்கின்றார் என்பதை மாணவர் நினைவிற் கொள்க. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வீட்டார் தம் வீட்டோடு சேர்த்து ஓரிரு அறைகள் கட்டி வாடகைக்கு விடுகின்றனர். தனி ஆளுக்கு இவையே ஏற்றவை. வாடகை குறைவு என்பது மட்டுமன்று. வீட்டுக்காரர் இருக்கும் இடத்தில் தனிமையும் அச்சமும் குறைவு.

நெருக்கடி மாதங்களில் முதல் இரவுக்கு மட்டும் முன்பதிவு செய்துகொண்டு, மறுநாட் காலையில் ஒழுங்கைகளில் நடந்து அறைகளை நேரிற் பார்த்து, பிடித்த இடத்தில் மற்றை நாட்களைக் கழித்தல் நல்ல முறை. “ஒரு நாள் என்றால் என்ன, மூன்று நாள் என்றால் என்ன?” என்று பணிவாகக் கேட்டால், நாள்தோறும் புது ஆளைத் தேடும் தொல்லை தமக்கு இல்லையென்று வீட்டுக்காரரும் குறைத்துக் கொடுப்பர். அறையிலே பார்க்க வேண்டியவை மூன்று: மின்விசிறி, நுளம்புவலை, உட்புறத் தாழ்ப்பாள். கச்சான் காற்று தரைச்சூட்டைச் சுமந்து வருவதால் பகலில் வெப்பம் 35 பாகை செல்சியசையும் எட்டும். ஆயினும் எதிரெதிரே இரு சாளரங்கள் உள்ள அறையாயின் குளிரூட்டிக்குப் பணம் கொடுக்க வேண்டிய தேவையில்லை.

வயிற்றுக்கு

கடற்கரை உணவுச்சாலைகள் பிறநாட்டார் பணத்தைக் கருதி விலை வகுத்தவை. அவற்றை நாம் குறை கூறவில்லை; ஆயினும் மாணவர்க்கு அவை வேண்டா. பெருவீதிக்கு வந்தால் காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும், அல்லது புட்டும் மீன்குழம்பும் கிடைக்கும். நண்பகலில் மீன்கறியோடு சோறு, இரவில் றொட்டி. கூட்டமுள்ள கடையில் உண்ணுதல் பாதுகாப்பு. அங்கே கறி பழையதாய்த் தங்குவதில்லை. மண்சட்டியில் உறைந்த எருமைத் தயிரை வழியிலே கண்டால் விட்டுவிட வேண்டா. தண்ணீரைப் போத்தல் போத்தலாக வாங்குவதிலேயே நாளொன்றுக்கு ஒரு வேளை உணவின் விலை கரைந்துபோகின்றது. வீட்டுக்காரரிடம் கொதித்தாறிய நீர் கேட்டு நிரப்பிக்கொண்டு புறப்படுதல் சிக்கனமும் சுகமுமாகும்.

புறாத்தீவும் பங்காளிகளும்

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இரு சிறு தீவுகள் தெரிகின்றன. மாடப்புறாக்கள் தங்குமிடமாதலால் புறாத்தீவு என்றும் புறாமலை என்றும் பெயர் பெற்றன. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்ட இவ்விடத்திலே, பவளப் பாறைகளும் அவற்றிடையே வண்ண மீன்களும் இடுப்பளவு நீரிலேயே காட்சி தருகின்றன. கரிய செட்டை நுனியையுடைய சிறு சுறாக்களும் அங்கே உலவுகின்றன. சீண்டாதவரை அவை மனிதரை நாடுவதில்லை.

தனி ஆளின் கணக்குக்கு இத்தீவே பெருஞ்சோதனை. நுழைவுச்சீட்டில் நம் நாட்டவருக்குப் பிறநாட்டவரைவிட மிகக் குறைந்த கட்டணமே விதிக்கப்படுகின்றது. அடையாள அட்டையைக் கொண்டு செல்லுதல் வேண்டும். படகுக் கூலியோ முழுப் படகுக்கானது. தனியே ஏறினால் அந்த ஒரு மணி நேரமே பயணப் பணத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஆதலால் காலை எட்டு மணியளவில் சீட்டுக் கொடுக்கும் இடத்தருகே சென்று நிற்க வேண்டும். அங்கே மூவராக நால்வராக வந்து, தாமும் கூலியை எண்ணி மலைத்து நிற்போர் இருப்பர். “நானும் உங்களோடு சேர்ந்து பங்கு தரலாமா?” என்று கேட்பதற்குச் சிறிது துணிவு வேண்டும்; அவ்வளவே. அவ்வாறு சேர்ந்த படகுகளில் பதுளையாரும் பருத்தித்துறையாரும் பிறநாட்டாரும் ஒருங்கே அமர்ந்து போவதை நாம் கண்டிருக்கின்றோம். கரை திரும்பும்போது அவர்கள் ஒருவர் உணவை ஒருவர் பகிர்ந்து உண்ணக் கண்டோம். தனியே புறப்படுவோர் தனியராகவே திரும்ப வேண்டும் என்ற விதி இல்லை.

காலை நேரத்தைச் சொன்னதற்கு வேறு காரணமும் உண்டு. காலையில் காற்று அடங்கி நீர் தெளிந்திருக்கும், பிற்பகலில் அலையெழும். தீவிலே பவளத்தின்மேல் கால் வைத்தலாகாது. மெல்ல மெல்ல வளர்ந்து பாறையாய் நிற்கும் அவ்வுயிர்களை ஒரு மிதி உடைத்துவிடும். பவளத்துண்டோ சங்கோ எடுத்து வருதல் சட்டத்தாலும் தடை செய்யப்பட்டது.

காசு கேளாத காட்சிகள்

திருகோணமலையின் பெருஞ்சிறப்புகளிற் பல காசு கேட்பதில்லை. கடலிலிருந்து கதிரவன் எழுவதைக் காண வெறும் விழிப்பே போதும். உப்புவெளிக் கரையில் விடியற்காலை கரைவலை இழுப்போர் பாட்டிசைத்து வலை வளைப்பதை மணிக்கணக்காகப் பார்த்து நிற்கலாம். கயிற்றிலே ஒரு கை கொடுத்தால் மகிழ்வரேயன்றி மறுக்கார்.

நகரத்திலே கோணேசர் மலைக்கு நடந்தே செல்லலாம். வழியிலுள்ள பிறெட்றிக் கோட்டை 1624இல் போர்த்துக்கேயர் கட்டியது. அதற்கு முன் அங்கே ஓங்கி நின்ற திருக்கோணேசர் ஆலயத்தை 1622இல் இடித்தவர்களும் அவர்களே. கோட்டை பின்னர் ஒல்லாந்தர் கைக்கும் ஆங்கிலேயர் கைக்கும் மாறியது. இன்று அதன் மர நிழலிலே புள்ளிமான்கள் அச்சமின்றி உலாவுகின்றன. ஆதர் சீ. கிளார்க்கும் மைக் வில்சனும் 1956ஆம் ஆண்டளவில் மலையடிக் கடலிலே மூழ்கி, பழைய ஆலயத்தின் தூண்களும் கற்களும் கிடப்பதைக் கண்டனர். 1963இல் மலையுச்சியில் புதுக்கோயில் குடமுழுக்குக் கண்டது. திருஞானசம்பந்தர் பாடிய தலமென்பதைச் சைவ மாணவர் அறிவர். மாலைப் பூசை மணி ஒலிக்க, இராவணன் வெட்டு எனும் பிளவின் அடியிலே அலை மோதுவதைக் கேட்டு நிற்கும் அனுபவத்தை எவ்விடுதியும் விற்க இயலாது.

நகரிலிருந்து 8 கிலோமீற்றர் அளவிலுள்ள கன்னியாவிலே ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள. கிணற்றுக்குக் கிணறு சூடு வேறுபடும். தன் தாயின் அந்தியக் கிரியைக்காக இராவணன் வாளூன்றி உண்டாக்கினான் என்பது ஐதிகம். இன்றும் ஆடி அமாவாசையில் முன்னோர் கடன் கழிக்க மக்கள் அங்கே கூடுகின்றனர். சந்தி வரை பஸ்ஸில் சென்று மிகுதியை நடந்துவிடலாம். வரலாறு பயிலும் மாணவர்கள் நிலாவெளி வீதியோரத்திலுள்ள போர் மயானத்தையும் காணத் தவறலாகாது. 1942 ஏப்ரில் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கின. அப்போர்க் காலத்தில் மாண்ட பல நாட்டு வீரர்கள் இங்கே வரிசையாகத் துயில்கின்றனர். கல்லறைகளிற் பொறித்துள்ள வயதுகளைப் படிக்குமிடத்து, அவர்களிற் பலர் நம் மாணவர் வயதினரே என்பது தெரியவரும்.

எவற்றிலே சிக்கனம் ஆகாது

இதுகாறும் பணத்தை மிச்சம் பிடிக்கும் வழிகளைக் கூறினோம். மிச்சம் பிடிக்கலாகாத இடங்கள் இரண்டு உண்டு. அவற்றை அழுத்தமாகக் கூறுதல் எம் கடமை.

ஒன்று, உயிர். ஒவ்வொரு பருவத்திலும் நீராடச் சென்ற இளைஞர் கடலோடு போன செய்தியைப் பத்திரிகைகளிற் படித்து வருந்துகின்றோம். கிழக்குக் கடல் அமைதியானது என்ற நம்பிக்கையே பலருக்குக் கண்ணியாகின்றது. கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுங் காற்று. காற்றடைத்த மிதவையிலோ றப்பர் வளையத்திலோ கிடப்பவரை அது ஓசையின்றி ஆழத்துக்குக் கொண்டுபோய்விடும். அலையில்லாமையால் அவருக்கே அது தெரியாது. இழுவை நீரோட்டம் உள்ள இடத்தில் இருபுறமும் அலை உடைய, நடுவே நீர் அடங்கிக் கருத்துக் காணப்படும். அறியாதவர் அதுவே அமைதியான இடமென்று இறங்குவர். அகப்பட்டுக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சலிட்டுக் களைக்கலாகாது. கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்திலிருந்து விலகிய பின்னரே கரையேற வேண்டும். தனியே செல்பவருக்கோ உதவிக்குக் கூவத் தோழர் இல்லை. ஆகவே பிறர் நீராடாத இடத்தில் நீராடலாகாது, மார்பளவைத் தாண்டலாகாது, இரவிலே கடலில் இறங்கலாகாது. படகிலே உயிர்காப்பு அங்கி தரப்படாவிடில் அப்படகில் ஏறலாகாது, எவ்வளவு மலிவாயினும். ஆழம் அறியாமற் காலை விடாதே என்னும் முதுமொழி இக்கரைக்கே எழுந்ததுபோலும்.

மற்றொன்று, பிறர் கூலி. படகோட்டிக்கும் வீட்டறை விடுபவருக்கும் இந்த ஐந்து மாத வருவாயே பெரும்பங்கு. வாடைக்காற்று தொடங்கியதும் படகுகள் மணலேறிக் கிடக்கும். கூலியை ஏறுமுன் தெளிவாகப் பேசிக்கொள்க. அதிகமெனக் கண்டால் மறுத்து நடந்துவிடுக. பேசி ஏறிய பின்னர் இறங்கும்போது குறைக்க முயல்வது சிக்கனமன்று. பதுக்க வேண்டியது நம் ஆடம்பரத்தையேயன்றி அவர் உழைப்பையன்று.

பெற்றோருக்கு ஒரு சொல்

பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று பல வீடுகளில் இருக்கின்றது. அதுவே பெற்றோரின் அச்சம். அதை நாம் எள்ளி நகையாடுவதற்கில்லை. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் வளர்ந்தவர்கள் இன்றைய பெற்றோர்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி அடையாள அட்டையைக் கையிலேந்தி வரிசையில் நின்ற பாதைகளே இவை. போன பிள்ளை திரும்பவில்லையென்று காத்திருந்த வீடுகள் நம்மிடையே இன்றும் உள. 2004 டிசம்பர் 26இல் கடலே ஊருக்குள் வந்து உயிர்களை அள்ளிச் சென்ற கரையும் இதுவே. இவற்றை நெஞ்சில் தாங்கிய தாய், “தனியே போகாதே” என்று சொன்னால் அது பழமைப் பிடிவாதம் அன்று.

ஆயினும் அப்பெற்றோரிடம் ஒன்று கேட்க விரும்புகின்றோம். அக்காலத்தில் ஒரு தலைமுறை இக்கரைகளைக் காணாமலே வளர்ந்தது. அத்தலைமுறை இழந்ததை அடுத்த தலைமுறையும் இழக்க வேண்டுமா? நம் பிள்ளைகள் மேற்படிப்புக்கும் தொழிலுக்கும் கடல் கடந்து முன்பின் அறியாத ஊர்களுக்குத் தனியே போகின்றனர். விமான நிலையத்தில் கண்ணீரோடு வழியனுப்புகின்றோம். அதற்கு முன் தம் நாட்டின் ஓர் ஊருக்கு, தம் மொழி வழங்கும் ஓர் ஊருக்கு, மூன்று நாள் தனியே சென்று, கணக்கெழுதிச் செலவு செய்து, அறிமுகமற்றாரோடு பழகித் திரும்பி வருதல் அவர்களுக்கு நல்ல பயிற்சியல்லவா?

பெண்பிள்ளைகளுக்கும் இதுவே எம் விடை. அவர்கள் கூடுதலாகச் சிலவற்றைக் கைக்கொள்ளுதல் நன்று. பகலில் சென்று சேரும்படி பயணத்தை வகுத்தல், குடும்பத்தார் நடத்தும் வீட்டறையைத் தெரிதல், வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணை வீட்டாரிடம் கொடுத்தல், காலையும் மாலையும் குறித்த நேரத்தில் அழைத்துப் பேசுதல் ஆகியன அவை. பொலிஸ் உதவிக்கு 119, நோயாளர் காவுவண்டிக்கு 1990, பெண்களுக்கான உதவிக்கு 1938 ஆகிய எண்களைக் கைத்தொலைபேசியில் மட்டுமன்றித் தாளிலும் எழுதி வைத்துக்கொள்க. மின்கலம் தீர்ந்த வேளையில் தாளே துணை. தொல்லை கொடுப்பவன் உளனாயின் குற்றம் அவனதேயன்றித் தனியே வந்த பெண்ணினதன்று. இதனைக் கரையோரத்து மக்களும் உணர்ந்து, அவ்விடத்திலேயே குரல் கொடுத்தல் வேண்டும்.

புறப்படும் மாணவருக்கு இறுதியாக ஒன்று சொல்வோம். ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். இரவு தோறும் ஒரு பக்கத்தில் அன்றைய செலவை ரூபா சதமாக எழுதுங்கள்; மறுபக்கத்தில் அன்று பேசிய மனிதரையும் கண்ட காட்சியையும் எழுதுங்கள். மூன்றாம் நாள் முடிவில் இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால், இக்கட்டுரையில் நாம் சொன்ன கணக்கு சரியா பிழையா என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். வீடு திரும்பியதும் அக்குறிப்பேட்டைத் தாயாரிடம் கொடுங்கள். அவர் முதலிற் படிப்பது செலவுப் பக்கமாக இராது.